ஆறு கம்ப்யூட்டரும் பாக்கியநாதன் அண்ணனும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் காசு கொடுத்து வாங்கின மெஷினை வந்த விலைக்குத் தள்ளித் தலைமுழுகிவிடலாம். சும்மா வந்த மெஷின்தான் ஆளைப் படுத்தி எடுக்கும். ஓசியில் கிடைக்கிறதே என்று எதையாவது வீட்டுக்குத் தூக்கிவந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஓடுகிற இரண்டு

கோலார் தங்கவயலில் மைன்ஸ் மூடின வருஷம் அது. என் கடை ராபர்ட்சன்பேட்டையில். பெங்களூரில் ஒரு ஆபீஸ் புது மெஷின் வாங்கிவிட்டு, பழைய ஆறையும் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றது. பல்லை இளித்துக்கொண்டு டெம்போ வைத்துக் கொண்டுவந்தேன். பிரித்துப் பார்த்தால் இரண்டுதான் உயிரோடு இருந்தன. மற்ற நாலில் ஒன்றுக்கு டிஸ்க்கே இல்லை. இன்னொன்றுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. விற்பதா, உடைப்பதா?

பங்காருபேட்டையிலிருந்து ஒருத்தர் மகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வந்தார். ஓடுகிறதில் ஒன்றைப் போட்டுக் காட்டினேன், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. நான் வெட்கமில்லாமல் ஆஹா ஓஹோ என்று அளந்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஓடுது சார், இல்லன்னு சொல்லல. ஆனா பெங்களூர்ல எந்த ஆபீஸ்லயும் இது ஓடலையே, எம்பொண்ணு இதுல கத்துகினு எங்க போவா?"

பச்சைத் தட்டு

சரி, உடைத்தே போடுவோம் என்று பழைய சாமான் கடை சலீம் பாயைக் கூப்பிட்டேன். வந்தவர் மூடியைத் தட்டிப் பார்த்தார், வயரைச் சுரண்டிப் பார்த்தார், உள்ளே இருந்த போர்டை மட்டும் இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைத்தார். "தகரமும் செம்பும் நான் எடுத்துக்கறேன். இந்தப் பச்சைத் தட்டை இன்னா பண்றது, நீங்களே வெச்சிக்கோங்க." எடுத்தால் மொத்தமாக எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

லென்ஸ்

பக்கத்து வீட்டு பாக்கியநாதன் அண்ணன் மைன்ஸ் மில்லில் இருந்தவர். கல்லைப் பொடித்து, அதில் எவ்வளவு தங்கம் தேறும் என்று சோதித்துச் சொல்வது அவர் வேலை. மூடினதிலிருந்து மனுஷன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். ஷேவிங் கூட இல்லை. அன்றைக்குப் பேப்பர் கேட்டு வந்தவர், மேஜைமேல் கிடந்த போர்டைப் பார்த்து நின்றார். பேப்பரை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய் லென்ஸை எடுத்துவந்தார்.

போர்டின் ஓரத்தில் வரிசையாக மஞ்சள் பூச்சு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதையே கால் மணி நேரம் பார்த்தார். அது தங்கம்தான், ஆசிட்டில் போட்டால் பிரிந்துவிடும் என்றார். ஆறையும் கேட்டார். தேறுகிற தங்கத்தில் பாதிப் பாதி என்றார். மறுநாள் முகத்தை மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கழித்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். குழந்தை மாதிரிச் சிரித்தார். "ஆயிரக்கணக்குல அடி கீழ எறங்கி வெட்டிக் கொண்டாந்த கல்லுல கூட இத்தினி சரக்கு இல்ல தம்பி!"

மேரி அக்கா

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அவர் மனைவி மேரி அக்கா நேராகக் கடைக்கு வந்தார். முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. அண்ணன் நெஞ்சில் ஏற்கனவே மில் தூசி. மண்ணெண்ணெய் ஸ்டவ் புகைகூட ஆகாது என்று கோலார் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மனுஷன் குளியலறையில் ஆசிட் காய்ச்ச ஜாடி கழுவிக்கொண்டிருக்கிறாராம்.

நான் விடவில்லை. "அக்கா, இப்பதான் எழுந்து நடமாடறாரு, மறுபடி படுத்துருவாரே" என்றேன். அக்கா அழவில்லை. "படுத்துகினே இருக்கட்டும் தம்பி. எனக்கு ஆளு இருந்தா போதும்."

பொய்

அன்றைக்கே சலீம் பாய் கையைக் காலைப் பிடித்து, பச்சைத் தட்டு உட்பட ஆறையும் ஏற்றிவிட்டேன். ஓடின இரண்டையும் சேர்த்துத்தான். ஒன்று இருந்தாலும் அண்ணன் கேட்பாரே!

திங்கட்கிழமை காலையில் கோணிப்பையோடு வந்தார். பெங்களூர்க்காரர்கள் திரும்பக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். சரி என்று போனார். சாயங்காலம் திரும்பி வந்தார். சந்தைக்குப் போகிற வழியில் சலீம் பாய் கடை வாசலில் போர்டுகள் குவிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார். ஒன்றைக்கூட எடுத்துவரவில்லை.

"மேரி வந்தாளா?" என்றார். தலையாட்டினேன். திட்டுவார், திட்டினால் தேவலை என்று காத்திருந்தேன். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. அவர் லென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எல்லாத்தையும் எனக்காக வேற யாராவதுதான் முடிவு பண்றீங்க. எந்நெஞ்சு எப்படி கீதுன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருந்தா, நானே வேணாம்னு சொல்லியிருப்பேன் தம்பி."

அந்த ஆறு கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் எடுத்த முடிவு சரிதான் என்று இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள், அந்த எல்லோரில் பாக்கியநாதன் அண்ணன் மட்டும் சேர்த்தியில்லை.