நீங்களே பார்த்துச் செய்யுங்கள்

அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் டெக்சஸில், பிளானோவில் இருந்தோம். என் மகள் இரண்டாம் வகுப்பு. அவளுக்கு இரண்டு காதும் பாதிக்கு மேல் கேட்காது. காதில் மிஷின் போட்டாலும் பேசுகிறவர் முகத்தைப் பார்த்தால்தான் மிச்சம் பிடிபடும். அவளுடைய டீச்சரோ கரும்பலகையோடு பேசுகிறவர்.

பள்ளிக்கூடத்தில் ஒரு மேஜையைச் சுற்றி அந்த டீச்சரும் பள்ளி அதிகாரிகளுமாக ஆறு பேர் உட்கார்ந்து, அவளைத் தொலைவிலுள்ள இன்னொரு பள்ளியில், காது கேளாதவர்களுக்கான தனி வகுப்பில் சேர்க்கலாம் என்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, அம்மாவாக உங்கள் கருத்து என்ன என்று கேட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் படித்த ஊரில் வாத்தியார் சொல்வார், பெற்றவர்கள் தலையாட்டிவிட்டு வருவார்கள். மனசு வேண்டாம் வேண்டாம் என்று அடித்துக்கொண்டது. வாய் மட்டும் மரியாதையாக, நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னது. நம்மூர் ஆளாக இருந்தால் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார். அவர்கள் அதைச் சம்மதம் என்று எழுதி, என் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். மாத முடிவில் அவள் அங்கே போக வேண்டும்.

விஷயத்தைச் சொன்னதும், நான் என்ன தப்பு செய்தேன் என்று மகள் கேட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு கைகோத்து நடந்தே போய்வந்த பள்ளி அது. அங்கேதான் அவள் வாய்திறந்து பேசவே ஆரம்பித்திருந்தாள்.

அடுத்த சில நாள்கள் நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு திரிந்தேன். அவளுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தாக வேண்டும்போல இருந்தது. குழாயில் தண்ணீர் சத்தமில்லாமல் விழுந்தது. ஃபிரீவேயின் ஓயாத இரைச்சல் எங்கோ தூரத்துக் கடலாகிவிட்டது. வெயில் மட்டும் கம்பளத்தில் ஜன்னலிலிருந்து சுவர்வரை மெதுவாக நகர்ந்துபோவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தியன் கடையில் ஒரு ஆன்ட்டி என்னிடம் வெகுநேரம் பேசினார். அவர் உதடுகள் மிதந்தன, கை வெண்டைக்காயைப் பொறுக்கியது. நான் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினேன். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வகுப்பில் என் மகள் செய்வதும் இதைத்தானே என்று தோன்றியபோது அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். நன்றாகக் காது கேட்கிற நான் அந்த மேஜையில் செய்ததும் அதேதான்.

கூட்டத்தில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள், பெற்றோரின் உரிமைகள் என்று. அபார்ட்மென்ட் லாண்ட்ரி ரூமில் துணி சுற்றிக்கொண்டிருக்கையில் அதைப் பிரித்தேன். குறை உள்ள பிள்ளையை முடிந்தவரை மற்ற பிள்ளைகளோடு சேர்த்தே படிக்கவைக்க வேண்டும். அதற்கான உதவிகளைச் செய்து பார்க்காமல் தனியே அனுப்பக் கூடாது. பெற்றவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுபடி கூட்டம் கேட்கலாம். இதுதான் இந்த நாட்டுச் சட்டமாம். ஈரத்துணியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன்.

என் கணவருக்குப் பயம். "கிரீன் கார்டு அப்ளை பண்ணிருக்கோம். இப்போ போய் ஸ்கூலோட சண்டையா? சும்மா இரேன்" என்றார். சும்மா இருந்ததால்தான் இந்தக் கதி என்று கத்திவிட்டேன். அவர் டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பிறகு உள்ளே போய் எனக்குப் பேனா எடுத்துவந்தார். எனக்கு எழுதத் தெரிந்த ஒரே ஆங்கிலக் கடிதம் லீவ் லெட்டர். ஆகவே 'ரெஸ்பெக்டட் மேடம்' என்று தொடங்கி, உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை என்று எழுதி, பழக்கதோஷத்தில் 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று முடித்தேன்.

மறுபடி அதே மேஜை, அதே ஆறு பேர். "ஐ டோன்ட் அக்ரீ" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டீச்சரிடம் அப்படிச் சொன்னேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சரி, அப்படியானால் என்ன செய்யலாம் என்று காகிதத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தார்கள். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

மகள் இதே பள்ளியில் இருப்பாள், டீச்சர் கழுத்தில் ஒரு சின்ன மைக் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. அவர் எங்கே திரும்பி நின்றாலும் குரல் நேராக மகளின் மிஷினுக்குப் போகும். மாணவர்கள் கேட்கும் கேள்வியை அவர் ஒருமுறை தானே திருப்பிச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் ஒருமாதிரி சொல்லிக்கொடுத்துவிட்டேன், இப்போது மாற முடியுமா தெரியவில்லை என்று டீச்சர் முணுமுணுத்தார். மாறினார். பக்க எண்ணைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் பேசினார். திருப்பிச் சொல்வதால் கடைசி பெஞ்சுக்கும் பாடம் புரிகிறது என்று பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

மைக் வந்த முதல் வாரம் ஒருநாள் பள்ளி விட்டதும் அவளை இந்தியன் கடைக்குக் காரில் கூட்டிப்போனேன். எப்படி இருந்தது என்று கேட்க எனக்குப் பயம், சிக்னலுக்கு சிக்னல் தள்ளிப்போட்டேன். சிவப்பு விளக்கில் ஒருவழியாகத் திரும்பி, "கேட்டுதாடா?" என்றேன். அவள் சீட்டில் சரிந்து சலிப்போடு சொன்னாள்:

"அம்மா, ஷீ டாக்ஸ் டூ மச்."

விளக்கு பச்சையானதை நான் பார்க்கவில்லை. பின்னால் எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள்.