சொப்புச் சாமானும் என் வாய்ஸ் மெசேஜும்

போன வருடம் ஆடி மாதம், ஒரு மத்தியான வேளையில் தச்சநல்லூரில் எங்கள் வீட்டில் ஆரம்பித்தது இது.

நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். எட்டாம் கிளாஸோடு படிப்பை விட்டாச்சு. டைப் பண்ணப் பொறுமை கிடையாது, எதையும் வாய்ஸாகத்தான் அனுப்புவேன். பயந்த சுபாவம் வேறு. வீட்டைப் பூட்டிவிட்டு வண்ணார்பேட்டை வரைக்கும் போனவன், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்தவள் என் மகள். அவளுக்கு விக்கல் எடுத்தாலே வண்டிச் சாவியைத் தேடுவேன்.

அன்றைக்கு என் மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பத்து மாதப் பிள்ளையை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்பாசமுத்திரத்தில் வாங்கின மரச் சொப்புச் சாமான்தான் அவளுக்கு விளையாட்டு. குட்டி அம்மி, குட்டிக் குடம் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளவென்று இருக்கும். குடத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஆய் போனாள். துணியை எடுத்துப் பார்த்தால் ஒரே சிவப்பு!

எனக்கு உயிரே இல்லை. பொம்மைச் சாயம் வயிற்றுக்குள் போய்விட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மனைவி போனை எடுக்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே எங்கள் டிரைவர்கள் குரூப்பில் வாய்ஸ் போட்டேன். "அண்ணாச்சிமாரே, யாரும் இந்த அம்பாசமுத்திரம் சொப்பை வாங்காதீங்க, சாயம் பூரா விஷம், என் பிள்ளைக்கு ரத்தமாப் போகுது!" அழுகையும் கூச்சலுமாகப் பேசினேன். அப்புறம்தான் டாக்டரிடமே ஓடினேன்.

டாக்டர் துணியைப் பார்த்தார். ரேஷன் கடையிலிருந்து திரும்பி, விஷயம் கேள்விப்பட்டுப் பின்னாலேயே ஓடி வந்த என் மனைவியிடம், காலையில் பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"பீட்ரூட் மசிச்சுக் குடுத்தேன் சார்."

அவர் சிரித்துவிட்டார். "பிள்ளைக்கு ஒண்ணுமில்லை. உங்க வீட்டுக்காரருக்குத்தான் வைத்தியம் பாக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் குரூப்பில் போட்ட வாய்ஸை அழித்தேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அம்பாசமுத்திரத்துக்கு சிமெண்ட் லோடு. இறக்கிவிட்டு, தங்கச்சி மகளுக்கும் சொப்பு வாங்கலாமே என்று, என் மகளுக்கு வாங்கின அதே கடசல் பட்டறைக்குப் போனேன். முன்பு போனபோது பட்டறைக்கார அண்ணாச்சி மரத்துண்டை மெஷினில் சுற்றவிட்டு, மேலே அரக்குக் குச்சியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். சூட்டில் அரக்கு உருகி நிறம் ஏறியது. இப்போது கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தார். சுவரோரம் சொப்பு மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

ஏன் இவ்வளவு கிடக்கிறது என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

"திருவிழாக் கடைக்குன்னு கேட்ட சரக்கு அண்ணாச்சி. அனுப்புனது பூரா திரும்பி வந்துட்டு. எவரோ பேசி அனுப்பியிருக்காரு, நீங்களே கேளுங்க" என்று போனை நீட்டினார்.

என் குரல்!

அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. பதறிக் கத்தின குரல், எனக்கே வேறு யாரோ பேசுவது போலத்தான் இருந்தது. பேசாமல் நழுவியிருக்கலாம். கால்கூட வாசல் பக்கம் திரும்பிவிட்டது. "இவுக இனிமே சொப்பே கடைய மாட்டேன்ங்காக, கட்டில் காலே போதுங்காக" என்று அந்த அக்கா சொன்னதும் என்னால் நகர முடியவில்லை.

"அக்கா, அது நான்தான்."

மெஷின் நின்றது. அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"பீட்ரூட்டா வே?" அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "மூணு வாரமா என் அரக்கை நானே மோந்து மோந்து பாக்கேன் வே. எங்க தப்புப் பண்ணுனோம்னு உறக்கமே இல்ல."

அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் வேலை மேல் அவருக்கே சந்தேகத்தை உண்டாக்கிவிட்டேனே.

"நடந்தது நடந்துபோச்சு, இப்ப உள்ளதைப் பேசி அனுப்புங்க" என்றார் அக்கா. பேசினேன். அவருக்குத் திருப்தியில்லை. "இப்படி மந்திரம் ஓதுத மாதிரி பேசுனா எவன் கேப்பான்? அன்னைக்குப் பதறுனீங்கள்லா, அப்படிப் பேசுங்க!" நாலு தடவை பேச வைத்தார்.

அப்படியும் இந்தப் புது வாய்ஸ் ஊர் சுற்றவில்லை. ஏழெட்டுப் பேர் கேட்டார்கள், அவ்வளவுதான். அதனால் வண்டியில் இரண்டு மூட்டை சொப்பை ஏற்றிக்கொண்டு, நான் சரக்கு இறக்குகிற கடைகளில் எல்லாம் நேரிலேயே போய் நின்று நடந்ததைச் சொன்னேன். "ஏலே, அந்தப் பீட்ரூட்டு நீதானா?" என்று கேலி பண்ணினார்கள். பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். நாலு கடைக்காரர்கள் வாங்கினார்கள், இன்னமும் வாங்குகிறார்கள். அண்ணாச்சியும் மறுபடி சொப்பு கடைகிறார். திருவிழாக் கடைக்காரர் மட்டும் திரும்பி வரவே இல்லை.

பயம் என்னை விட்டு இன்னும் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அதை நாலு பேருக்கு அனுப்ப விரல் போகும்போதெல்லாம், அன்றைக்குப் பட்டறையிலேயே போய்க் கேட்டிருக்கலாமே, அம்பாசமுத்திரம் ஒரு மணி நேரத் தூரம்தானே என்று நினைத்து போனைக் கீழே வைத்துவிடுகிறேன்.