சண்டைக்கு ஒரு பாஷை

சிம்மக்கல் சுங்குடிக் கடையில் கணவனும் மனைவியும் சண்டை போடுகிறார்கள். நாளெல்லாம் தமிழில் வியாபாரம். சண்டை மட்டும் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் ஜட்காக்காரன் அவசரப்படுத்துகிறான்.

குறுக்கே கேட்கிறேன்: "அண்ணே, இந்தச் சேலை சாயம் போகுமா?"

"போகாதுண்ணே," என்கிறார் கடைக்காரர்.

மனைவி கைதட்டிச் சிரிக்கிறாள். அவர் தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

"சண்டை நடுவுல தமிழ் பேசுனா தோத்த கணக்கு. அப்பா காலத்துலருந்து எங்க சொந்தக்காரங்க வீட்டுலயெல்லாம் இதான் சட்டம்ணே."

"எதுக்குச் சண்டை?"

"நாளைக்குத் திருப்பரங்குன்றத்துல மச்சான் வீட்டு விருந்து. வரமாட்டேன்னு இம்புட்டு நேரம் கெட்டியா நின்னேன்."

மனைவி சேலையை மடித்து என்னிடம் நீட்டுகிறாள்.

"நீங்களும் விருந்துக்கு வாங்கண்ணே. அங்க எங்க அண்ணன்கூட எனக்கு ஒரு சண்டை பாக்கியிருக்கு."