தேரை மறித்த மூத்திரப்பை

1. வயிறு என்று வந்தவர்

தேர் நாளன்று டிஸ்பென்சரிப் பக்கம் ஒரு ஈ காக்கை வராது என்பது என் கணக்கு. அந்தத் தெம்பில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பிளேன்டீயை வாயருகே கொண்டுபோனபோதுதான் நாலு பேர் செல்லமுத்துக் கங்காணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மஞ்சள் வேட்டி, கையில் காப்பு, நெற்றி நிறையத் திருநீறு. முகத்தில் மட்டும் பக்தி இல்லை. பிரசவக் கட்டிலில்தான் அப்படியொரு முகத்தை நான் பார்த்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிஸ்பென்சராகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சனங்கள் என்னை "டாக்டரய்யா" என்பார்கள். கூப்பிட்டதும், பின்னால் யாராவது டாக்டர் நிற்கிறாரோ என்று நானே திரும்பிப் பார்த்த காலம். செல்லமுத்துக் கங்காணி அப்படியில்லை. அவர் பெயரைச் சொன்னால் துரை பங்களா நாய்கூட வாலை ஒடுக்கும். கோயில் தலைவரும் அவர்தான்.

"வயிறு ஊதிப்போச்சுங்க" என்றார் அவருடைய சம்சாரம் அங்கம்மா.

மலைநாட்டில் வேலை செய்யப்போகும் தம்பி தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கே நெஞ்சுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே எது வலித்தாலும் அதற்குப் பெயர் வயிறு. எனக்கு அப்போது அது தெரியாது. வாயு என்று முடிவுகட்டி, மிக்சர் போத்தலைக் குலுக்கத் தொடங்கிவிட்டேன். நல்ல காலம், ஊற்றுவதற்கு முன்னால் ஒரு மரியாதைக்காக வயிற்றைத் தட்டிப் பார்த்தேன். வாயு என்றால் நெருப்பில் காய்ச்சிய தப்பு மேளம் மாதிரி டண் டண்ணென்று கேட்கும். இது மழையில் நனைந்த தப்பு. தொப்புளுக்குக் கீழே ஒரு பூசணிக்காயை உள்ளே வைத்துத் தைத்தது போல மேடாக இருந்தது. கை வைத்ததும் கங்காணி கட்டிலை விட்டு ஒரு சாண் எழும்பினார்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?" என்று கேட்டேன்.

தூக்கி வந்த நாலு பேரும் கூரைத் தகரத்தைப் பார்த்தார்கள். அங்கம்மா சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தை வாசிக்க ஆரம்பித்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கடைசியில் கங்காணியே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நேத்து ராத்திரி."

2. பொல்பலா

கதை மெல்ல மெல்ல வெளியே வந்தது. வெளியே வந்தது கதை மட்டும்தான்.

அந்தத் தோட்டத்தில் காப்புக் கட்டிய தலைவர்தான் தேரின் முதல் வடத்தைப் பிடிக்க வேண்டும். பிடித்தவர் நடுவில் ஒண்ணுக்குப் போனால், தலைமுழுகிவிட்டுத்தான் திரும்ப வடத்தைத் தொடலாம். விடியற்காலைக் குளிரில் இன்னொரு முழுக்குப் போட யாருக்கு மனசு வரும்? அவர் அடக்கிக்கொண்டே நடந்திருக்கிறார். அதற்கு முன்பே இரண்டு வருஷமாக நூல் மாதிரிதான் போய்க்கொண்டிருந்ததாம். ராத்திரியில் நாலைந்து தரம் எழும்புவாராம். வெளியே சொன்னால் மானம் போகும் என்று சொல்லவில்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான நடு லயத்துக்குத் தேர் வந்தபோது, இனி முடியாதென்று ஒதுங்கிப் போயிருக்கிறார். அப்போது ஒரு சொட்டும் வரவில்லை.

சூடு என்று அங்கம்மா, நீரைப் பிரிக்கும் பொல்பலா மூலிகையை அவித்துக் கொடுத்தார். தலைவருக்குச் சூடாம் என்ற செய்தி லயம் லயமாகப் பரவியது. ஒவ்வொரு வீட்டுக் காம்பராவிலிருந்தும் ஒரு சொம்பு பொல்பலா வந்தது. திருவிழா நாளில் சனம் கொடுப்பதைத் தலைவர் வேண்டாம் என்றால் அபசகுனம். மனிதர் அத்தனையையும் குடித்துவிட்டுத் திரும்ப வடத்தைப் பிடித்திருக்கிறார், கொஞ்ச தூரத்தில் சுருண்டுவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். டிஸ்பென்சரிக்கு அதிகம் வருவது நீர்க்கடுப்பு. கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு மலையில் ஒதுங்க இடமில்லை. அதனால் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள், வந்தாலும் அடக்கிக்கொள்வார்கள். கிருமி தொற்றி, எரிச்சலும் குளிர்காய்ச்சலுமாக வந்து நிற்பார்கள். அவர்களுக்கு மருந்தும் வேண்டும், தண்ணீரும் நிறைய வேண்டும். அடுத்தது கல். விலாவில் தொடங்கித் தொடைவரைக்கும் இழுக்கும், ஆளைத் தரையில் உருட்டிவிடும். மூன்றாவது, வயசான ஆம்பிளைகளின் புரோஸ்டேட். மூத்திரப்பையின் வாசலில் இருக்கும் சுரப்பி வீங்கி வழியை நெரிக்கும். மூன்றுக்கும் தோட்டத்தில் ஒரே பெயர் சூடு, ஒரே வைத்தியம் பொல்பலா. முதலாவதற்கு அது ஒன்றும் கெடுதலில்லை. மூன்றாவதற்குக் கொடுப்பது, கதவு இறுகிப்போன அணைக்கட்டுக்குள் இன்னும் ஆற்றைத் திருப்பிவிடுகிற வேலை. அப்படியே விட்டால் சிறுநீரகம் கெடும், ஆளும் போய்விடலாம்.

இதையெல்லாம் இப்போது ஆற அமரச் சொல்கிறேன். அன்றைக்கு ஸ்டெதஸ்கோப்பை அவர் வயிற்றில் வைத்துவிட்டு, என் நெஞ்சு அடிக்கிற சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

3. தேருக்குப் பின்னால்

பயந்த டிஸ்பென்சருக்கு ஒரே மருந்து உண்டு. "பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன்." கொழுந்து லொறியில் மெத்தையைப் போட்டு அவரை ஏற்றினோம். அலுமாரியில் இருந்த ஒரேயொரு கத்தீட்டர் குழாயையும் அதில் மாட்டுகிற மூத்திரப் பையையும் ஜெலியையும் எதற்கும் இருக்கட்டும் என்று பையில் போட்டுக்கொண்டேன். பயன்படுத்துவேன் என்று நினைத்து அல்ல, கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மடுவத்து வளைவில் லொறி நின்றது. கொழுந்து நிறுக்கிற கொட்டகைதான் மடுவம். அதற்கு முன்னால், ஒரே றோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு தேர். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். டிரைவர் ராசு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"தேர் நகராதுங்களாம். மொத வடம் புடிக்கத் தலைவரு வரணுமாம்."

"தலைவர் எங்கேயாம்?"

"இந்தா, நம்ம லொறிக்குள்ளங்க."

வேறு யாராவது பிடிக்கட்டும் என்றேன். காப்பு அவர் கையில் இருக்கிறது என்றார்கள். கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள் என்றேன். அம்மனைப் பின்னுக்குத் தள்ளச் சொன்ன முதல் ஆள் நான்தான் என்பது அவர்கள் பார்த்த பார்வையில் தெரிந்தது. அவரைப் பதுளைக்குக் கொண்டுபோகத் தேர் நகர வேண்டும், தேர் நகர அவர் எழுந்து வர வேண்டும். துரையின் ஜீப் கீழேதான் இருந்தது, அதுவும் தேருக்கு அந்தப் பக்கம். ஆளைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துப் பக்கமாகச் சுற்றலாம் என்று ராசு அவரை அசைத்துப் பார்த்தான். கங்காணி போட்ட சத்தத்தில் தப்பு அடித்தவர்களே நிறுத்திவிட்டார்கள்.

இதற்கிடையில், நின்ற தேரை வெறுமனே விடக்கூடாது என்று பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சளசளவென்று அந்தச் சத்தம். கங்காணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அய்யா, என்னைய என்ன வேணும்னாலும் செய்யுங்க. அந்தத் தண்ணி ஊத்துறத மட்டும் நிப்பாட்டச் சொல்லுங்க."

4. மடுவம்

மடுவத்துக்குள் கொண்டுபோய், தராசுக்குக் கீழே மெத்தையை விரித்தோம். சுற்றிலும் கொழுந்துச் சாக்குகளைத் தொங்கவிட்டு மறைத்தோம். நான் கையைக் கழுவினேன். பிறகு இன்னொரு தரம் கழுவினேன். மூன்றாந்தரம் கழுவப் போனபோது கங்காணி கண்ணைத் திறந்தார்.

"இதுக்கு முன்னாடி எத்தன பேருக்குப் போட்டிருக்கீங்க?"

"ரெண்டு பேருக்கு."

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?"

"ஒருத்தர் நல்லா இருக்கார்" என்றேன். மற்றது பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் பொம்மை. அதைச் சொல்ல அது நேரமில்லை.

மருந்து போட்டுத் துடைத்தேன், ஜெலியை விட்டேன், குழாயை மெல்ல உள்ளே செலுத்தினேன். பாதித் தூரம் போய் நின்றுவிட்டது. அங்கேதான் புரோஸ்டேட். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது, அவர் நெற்றியிலிருந்து அல்ல. தள்ளு தள்ளு என்று என் பயம் சொன்னது. பலவந்தமாகத் தள்ளினால் உள்ளே கிழிந்துவிடும். பயிற்சியில் சிஸ்டர் ஒரே பேச்சாகச் சொல்வார், தள்ளாதே, காத்திரு, மூச்சு விடச் சொல். "கங்காணி, மூச்ச இழுத்து மெதுவா விடுங்க" என்று சொல்லிவிட்டு நானும் சேர்ந்து இழுத்தேன். அவர் விட்டார், நான் விட மறந்துவிட்டேன். அவர் மூச்சு இறங்கிய அந்தக் கணத்தில் குழாய் தானாக நழுவி உள்ளே போனது.

பிறகு வந்தது பாருங்கள்! ஒரு தோட்டத்துப் பொல்பலா முழுவதும் வந்தது. பை நிரம்பிவிட்டது, ராசுவை வாளி கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன். ஒரேயடியாக விடக்கூடாது என்று படித்திருந்ததால் நடுவில் கிளிப் போட்டு நிறுத்தினேன். கங்காணி பாதி மயக்கத்தில் என்னைப் பார்த்தார். பரம்பரை எதிரியைப் பார்க்கிற பார்வை. மறுபடி திறந்தேன். அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை எந்தச் சாமி சிலையிலும் நான் கண்டதில்லை. சாக்குக்கு வெளியே நின்ற அங்கம்மா, அந்தச் சத்தத்தைக் கேட்டே குலவை போட்டுவிட்டார். பொருள் தெரியாமல் ஊர்ச் சனமும் சேர்ந்து குலவை போட்டது.

5. முதல் வடம்

இனி லொறியில் படுக்க வைக்கலாம் என்று நான் நினைத்தேன். கங்காணி எழும்பி வேட்டியை இறுக்கினார்.

"தேரு நகர்ந்தாத்தானே லொறி போகும்? வாங்க."

கூடாது என்றேன். குழாய் இருக்கிறது, பை இருக்கிறது, இழுபட்டால் ஆபத்து என்றேன். வடத்தைத் தொட்டுக்கொண்டு நடந்தால் போதும், இழுக்கிறதற்கு நூறு பேர் இருக்கிறார்கள் என்றார். பையை யார் பிடிப்பது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு முன்னால் போனார். பக்கத்திலேயே நான், மஞ்சள் துணியால் மூடிய மூத்திரப்பையை இடுப்புக்குக் கீழே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. அவர் ஒரு எட்டு வைத்தால் நானும் ஒரு எட்டு. பாதிச் சனத்துக்கு விஷயம் தெரியாது. தலைவருக்குப் பக்கத்தில் டாக்டரய்யா பயபக்தியாக எதையோ ஏந்தி வருகிறார் என்றால் அது என்னவாக இருக்கும்? ஒரு பாட்டி ஓடிவந்து அதற்குச் சந்தனம் வைத்தார். இன்னொருவர் குங்குமம். யாரோ ஒரு கதம்ப மாலையை அதன்மேல் போட்டார்கள். மாலை நழுவாமல் நான் பையை ஒருக்களித்துப் பிடித்தேன். கங்காணி மட்டும் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஆட்டாதீங்கய்யா, சாமி தளும்புது."

ஃபக்டரிச் சந்தியில் றோட்டு அகலம். தேர் ஒதுங்கியது, லொறி பறந்தது.

6. அதற்குப் பிறகு

பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டொக்டர், சிரிக்காத மனிதர். குழாயைப் பார்த்தார், வயிற்றை அமர்த்திப் பார்த்தார், பையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆர் போட்டது?"

"நான்தான், சேர்."

"நல்லாப் போட்டிருக்கிறீர். உதுக்கு ஏன் பொட்டு வைச்சிருக்கு?"

அதற்கு நான் சொன்ன பதில் எனக்கே ஞாபகமில்லை. வார்டு முழுக்கச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

கங்காணிக்கு ஒப்பரேஷன் முடிந்து ஆள் தேறிவிட்டார். அடுத்த வருஷத் தேரிலும் அவர்தான் முதல் வடம். மடுவத்து வளைவு வந்ததும் கையை உயர்த்தித் தேரை நிறுத்தினார். "அம்மா கொஞ்ச நேரம் எளப்பாறட்டும்" என்று ஊருக்கே கேட்கச் சொன்னார். சொல்லிவிட்டு மடுவத்துக்குப் பின்னால் போனார். அவருக்குப் பின்னால் போன ஆம்பிளைகளின் வரிசையைப் பார்த்தபோதுதான், இத்தனை வருஷமாக எத்தனை பேர் அடக்கிக்கொண்டு சாமி கும்பிட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. தலைமுழுகுவதற்குப் பதிலாக மஞ்சள் தண்ணீர் தெளித்தால் போதும் என்ற தீர்ப்பும் அவருடையதுதான். அதற்கடுத்த வருஷம் அங்கே இரண்டு கக்கூஸ் கட்டினார்கள், ஒன்று பெண்களுக்கு. கொழுந்து நிறுக்க வருகிற பெண்கள் மற்ற நாட்களில் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதும் என்னிடம் நீர்க்கடுப்பு என்று வந்தவர்கள் குறைந்தார்கள்.

நான் கற்ற பாடம் சின்னது. வயிறு என்று வருகிறவரிடம், கடைசியாக எப்போது போனீர்கள் என்று முதலில் கேளுங்கள். கூரையைப் பார்த்தால் இன்னொரு தரம் கேளுங்கள். கேட்க வெட்கப்படுகிற மருத்துவனும் சொல்ல வெட்கப்படுகிற நோயாளியும் சேர்ந்துதான் ஆளைக் கொல்கிறார்கள். இவ்வளவு பேசுகிற நான், எனக்கே அந்தத் தொல்லை ஆரம்பித்தபோது டொக்டரிடம் போய் என்ன சொன்னேன் தெரியுமா? "வயிறு சரியில்லை, சேர்."

வேறு தோட்டத்துக்கு மாறிப் பல வருஷம் கழித்து அந்தத் தேருக்குப் போயிருந்தேன். கங்காணி அப்போது இல்லை. மடுவத்து வளைவில் தேர் நின்றது. ஏன் இங்கே நிற்கிறது என்று, ஒன்றும் தெரியாதவன் போல வடம் பிடித்த இளைஞனிடம் கேட்டேன்.

"அம்மன் எளப்பாறுற எடம்ங்க. ஆதியிலருந்து வர்ற வழக்கம்" என்றான், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு மடுவத்துக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றேன்.