கனி அக்கா கேட்ட கை

அம்மாவின் வலது கையில் எந்நேரமும் சின்ன வெங்காய வாசம் இருக்கும். எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத அந்த வாசத்தை என்னைவிட என் அக்கா கனி நன்றாக அறிந்திருப்பாள், ஏனென்றால் வாய் பேசாத அவளுக்கு அந்தக் கைதான் வாய். தாகம் எடுத்தால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பானை மூடியில் வைப்பாள். வெளியே போக வேண்டுமென்றால் கதவுத் தாழ்ப்பாளில் வைப்பாள். வயிறு வலித்தால் தன் வயிற்றில். சுரண்டையில் எங்கள் வீட்டில் இதற்குக் "கை கேக்குதா", அதாவது கை கேட்கிறாள், என்று பெயர். "ஏட்டி, அக்கா கை கேக்குதா, போய்க் குடு" என்று அடுப்படியிலிருந்து அம்மா சொன்னால், வீட்டுப்பாடத்தை அப்படியே போட்டுவிட்டு நான் என் கையைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஆட்டிசம் என்கிற சொல் எங்கள் தெருவுக்கு வந்துசேராத காலம் அது.

அதற்கு முன்னால் வந்துசேர்ந்தது பாவூர்சத்திரம் அத்தை. அப்பாவின் அக்கா, மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை நடத்துகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, மார்க்கெட்டுக்கே கேட்கிற தொண்டையை வளர்த்துக்கொண்டவள். அவளைக் கெட்டவள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கனி அக்காவைத் தன் பிள்ளையாகத்தான் நினைத்தாள், அந்தப் பாசம்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. "இழுத்த இழுப்புக்குக் கையைக் குடுத்தா வாய் எப்படி வரும்? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்று ஒரு சாரல் சமயத்தில் வந்து வீட்டுக்குச் சட்டம் போட்டாள். இனி யாரும் கனிக்குக் கை கொடுக்கக் கூடாது. தவிப்பு வந்தால் தானே வாய் திறப்பாள். கூடவே குற்றாலத்து அருவியில் தலையைக் காட்டினால் நாக்குக் கட்டு அவிழ்ந்துவிடும். "பேசிட்டான்னா, நாளைக்கு நீ இல்லன்னாலும் பொழச்சுக்கிடுவா" என்று அத்தை சொன்னதும் அம்மா அடங்கிப்போனாள். அந்தப் பயம் அம்மாவுக்கு ஏற்கெனவே இருந்தது.

அம்மா கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். அக்கா வந்து முந்தானையை விலக்கிப் பார்ப்பாள், கை கிடைக்காது. சீக்கிரமே கேட்பதை விட்டுவிட்டாள். தாகத்துக்குக்கூட வராமல் சுவரோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "அடம் கொறஞ்சிருக்கு பாரு" என்றாள் அத்தை.

அந்த வாரமே குற்றாலம் போனோம். பெரிய அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பெண்கள் பக்கத்துக் கூட்டத்தில் அத்தை அக்காவை இறுகப் பிடித்து உள்ளே இழுத்தாள். அக்கா அலறியிருக்க வேண்டும். வாய் திறந்திருந்தது, எங்களுக்குக் கேட்கவில்லை. அந்த இரைச்சலில் அத்தையின் மார்க்கெட் தொண்டையே எடுபடவில்லை. அந்த நேரம் பார்த்து அத்தையின் கம்மல் திருகு கழன்றுகொண்டது. என்னவோ கத்தினாள், அம்மாவுக்கு விளங்கவில்லை. அக்காவைப் பிடித்த கையை விடவும் மனமில்லை, ஒற்றைக் கையால் கம்மலைக் கழற்றவும் முடியவில்லை. மறுபடி கத்திப் பார்த்துவிட்டு, பொறுமையிழந்து, மற்றக் கையால் அம்மாவின் மணிக்கட்டை வெடுக்கென்று இழுத்துத் தன் காதில் வைத்தாள். அம்மா தடவிப் பார்த்து, கம்மலைக் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, கையே கிடையாது என்று சட்டம் போட்ட அத்தையின் கையை எடுத்துத் தன் காதில் வைத்தாள். இன்னொரு கையையும் எடுத்து மறு காதில் வைத்து அழுத்தினாள். சத்தம் தாங்கவில்லை என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்லிவிட முடியும். அத்தை மலைத்துப்போனாள். காதைப் பொத்திய கைகளை எடுக்காமலே அவளைக் கூட்டத்துக்குள் நடத்தி, ஈரச் சேலை காலைத் தடுக்கத் தடுக்க, இரைச்சல் ஓய்கிற பஜ்ஜிக் கடை வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தாள். "வாயிருக்க எனக்கே அங்கன கைதான் வேண்டியிருந்துச்சு, பாத்தியா" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். சட்டம் அன்றோடு ஒழிந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அக்கா அம்மாவின் கையைத் தேடி எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் வைத்தாள். அம்மா தென்காசி வரை அழுதுகொண்டே வந்தாள்.

போன வருடம் அம்மா தவறிவிட்டாள். வீட்டில் ஒரே அழுகைச் சத்தம். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அம்மாவின் கையை எடுத்துத் தன் காதில் வைத்தாள். அது நழுவி விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தாள். மூட்டுவலியோடு தட்டுத்தடுமாறி எழுந்து வந்த அத்தை, அக்காவின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "நிறுத்துங்கட்டி. பிள்ளை கை கேக்குதா" என்றாள். வீடு அடங்கியது.

இப்போது அக்கா என்னோடு இருக்கிறாள். படத்தைத் தொட்டால் பேசுகிற டேப்லெட் ஒன்று வந்துவிட்டது; "தண்ணி", "வலி", "வேண்டாம்" எல்லாம் அதுவே சொல்லுகிறது. "கை கேக்குதா" என்கிற பேச்சே வீட்டில் நின்றுபோயிற்று. ஆனால் நான் வெங்காயம் உரித்து முடிக்கிற நாட்களில் மட்டும் அக்கா வந்து என் கையை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். பிறகு அதைக் கொண்டுபோய், டேப்லெட்டில் இருக்கிற அம்மாவின் படத்தின் மேல் வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அக்கா கேட்டு நான் கொடுக்க முடியாதது அது ஒன்றுதான்.