கடலிலிருந்து தெரியும் ஜன்னல்

ராயபுரத்தில் எங்கள் மூன்றாம் மாடிப் படுக்கையறையில், கடலைப் பார்த்த சுவர் முழுக்க ஆறு ஜன்னல்கள். துறைமுக விளக்குகள் ராத்திரியெல்லாம் நிலா வெளிச்சம்போலக் கட்டிலில் வந்து படுத்துக்கொள்ளும். ஏழு மாதக் கர்ப்பிணியான எனக்குத் தூக்கமே இல்லை. வண்ணாரப்பேட்டையில் கெட்டியான கருநீலத் திரை வாங்கி ஆறுக்கும் மாட்டினேன்.

அன்று மாலையே திரைகளை இழுத்துவிட்டுப் படுத்தவள், கடலுக்கடியில் மிதப்பதுபோலத் தூங்கிப்போனேன். கதவை இடிக்கும் சத்தத்தில்தான் விழித்தேன். திறந்தால், துறைமுக இழுவைப்படகில் வேலை செய்யும் என் கணவர், முழங்காலில் ரத்தத்தோடு நின்றார்.

"இன்னாம்மே ஆச்சு உனக்கு? போனும் எடுக்கல, ஜன்னலும் இருட்டா கீது! தெனம் படகு உள்ள வரசொல்ல நம்ம வூட்டு லைட்டத்தான் பாப்பேன்."

கல்யாணமாகி நான்கு வருடத்தில் அவர் இதைச் சொன்னதேயில்லை. பதற்றத்தில், படகு கரையை ஒட்டும் முன்பே தாவி விழுந்திருக்கிறார். ஓரடி தவறியிருந்தால், படகுக்கும் துறைமுகக் கரைச் சுவருக்கும் நடுவே தண்ணீரில்.

வீட்டுக்குள்ளிருந்து மட்டும் பார்த்துத் திரை வாங்கியது என் தப்பு. இப்போது ஐந்து ஜன்னலுக்குத்தான் கருநீலம். ஆறாவதற்கு என் பழைய மஞ்சள் புடவை, உள்பக்கம் ஒரு விளக்கு. நான் தூங்கிவிட்டாலும் அது விழித்திருக்கும்.