செருப்பைப் பார்த்து நடை சொல்கிறவள்

பிள்ளைகளின் நடையைத் திருத்தும் பிசியோதெரபிஸ்ட் நான்; ஆனால் நடந்து காட்டச் சொன்னால் ஒரு பிள்ளை ஓடும், இன்னொன்று அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கவே மறுக்கும். பிள்ளைகளோடு மாரடிக்கும் ஆசிரியர்களே, பல் டொக்டர்களே, முடி வெட்டுகிறவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காட்டிக்கொடுத்த செருப்பு

ஐந்து வயது தர்ஷிகா மட்டும் சொன்னவுடன் நடந்தாள். எனக்குச் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிட்டது. நுனிக்காலில் நடக்கிறாள் என்றுதான் டொக்டர் அனுப்பியிருந்தார். இவளோ முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி, எப்படியோ குதிக்காலை நிலத்தில் வைத்து, பொலிஸ்காரர் மாதிரி நடக்கிறாள். கொழும்பு வெள்ளவத்தையில் என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். எழுந்து போய் அவளுடைய குட்டிச் செருப்பைத் தூக்கிப் பார்த்தேன். முன்பக்கம் தேய்ந்து ஓட்டை விழப் பார்க்கிறது. குதிக்கால் பக்கம் கடையில் வாங்கியபடியே இருக்கிறது.

நரம்பில் கோளாறு இல்லை என்று டொக்டர் முன்பே பார்த்துவிட்டார். ஆனால் கெண்டைக்கால் இறுகிப்போயிருந்தது. பிளாஸ்டர்க் கட்டும் பயிற்சியும் சரிவராவிட்டால் ஒப்பரேஷன் என்றும் சொல்லியிருந்தார். அம்மா ராணி மட்டக்குளியில் இருந்து வருகிறவள், கார்மென்ட்ஸில் வேலை. ஒப்பரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் கண் கலங்கிவிடும். நான் செருப்போடு திரும்பி வந்ததும் அவள் செருப்பைப் பார்த்தே பேசினாள்: "மிஸ் முன்னாடியாச்சும் ஒழுங்கா நடடின்னு பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் சொல்லிக் கூட்டியாந்தேன். இப்படிக் காட்டிக் குடுத்துட்டியே!"

லண்டன் வண்டி

அதே கிழமை கிருலப்பனையிலிருந்து ஒரு அப்பா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வங்கியில் வேலை. ஒன்றரை வயது மகன் நுனிக்காலில் நடக்கிறான் என்று இரண்டு நாளாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். பையனின் கணுக்கால் நன்றாக மடங்கியது. இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் இப்படி நடந்து பார்க்கும், தானாகவே விட்டுவிடும், மூன்று வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால் வாருங்கள் என்றேன். பிறகு விசாரித்தால், நடை பழகப் பிள்ளையைச் சில்லு வைத்த வோக்கருக்குள் நாள் முழுக்க நிறுத்தி வைக்கிறார்களாம். கால் நுனி மட்டும்தான் நிலத்தில் முட்டும். அதை இன்றோடு நிறுத்துங்கள் என்றேன். மனிதர் தலையைச் சொறிந்தார். "நிப்பாட்டலாம் மிஸ். ஆனா அது லண்டனில இருந்து தங்கச்சி அனுப்பினது. அவ வீடியோ கோல் எடுக்கேக்க மட்டும் ஏத்தலாமோ?"

ஜன்னலால் பார்த்தது

தர்ஷிகாவின் இரண்டு காலுக்கும் பிளாஸ்டர் போட்டோம். கிழமைக்கொருமுறை கழற்றி, கணுக்காலை இன்னும் கொஞ்சம் மடக்கி, மறுபடி போட்டோம். ரோஸ் நிறம்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதம். ராணி அவளை மூன்றாம் மாடி வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்கி, பஸ் ஏறி, ஒரு கிழமை தவறாமல் வந்தாள்.

பிளாஸ்டர் எல்லாம் முடிந்து, பயிற்சியும் இரண்டு மாதம் செய்த பிறகு, என் அறையில் தர்ஷிகா அழகாக நடந்தாள். "இனி ஒப்பரேஷன் பேச்சே இல்லை" என்று ராணியிடம் சொல்லிவிட்டேன். எல்லாம் தலைக்கனம். அவர்கள் போன பிறகு ஜன்னலால் எட்டிப் பார்த்தால், பஸ் தரிப்பிடத்தை நோக்கி நுனிக்காலில் துள்ளிக்கொண்டு போகிறாள். ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். ராணியின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வரவேற்பு மேசையில் இருக்கும் சிங்களப் பெண் மல்காந்தி தனக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னாள்: "மிஸ் இன்னைக்கு செருப்பு பாக்க இல்ல நே!"

ஓட்டை

மறுபடி பிளாஸ்டர் போட்டோம். அதைக் கழற்றியதும் ராணி புதுச்செருப்பு வாங்கிக் கொடுத்தாள். இரவில் காலுக்குத் தாங்கி. பகலில், குதிக்கால் நிலத்தில் பதியக் குந்தியிருந்து சின்ன வெங்காயம் உரிக்கும் வேலை. வெங்காயம் என் யோசனை, பெருமையாகவே சொல்கிறேன். வேலை முடிந்து களைத்து வரும் ராணியும் பக்கத்தில் குந்தியிருந்து உரித்தாளாம்.

பல மாதம் கழித்து ஒரு காலை, டொக்டரிடம் காட்டிவிட்டு நேரே என்னிடம் வந்தார்கள். ஒப்பரேஷன் தேவையில்லை என்று எழுதிய தாளை ராணி நீட்டினாள். நான் அதை வாங்கவில்லை. முதலில் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். குதிக்கால் பக்கம் தேய்ந்து ஓட்டை! எனக்குக் கண் கலங்கிவிட்டது, கிளினிக்கில் வெங்காயம் ஒன்றும் இல்லை. பின்னால் வந்து நின்ற தர்ஷிகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்: "நான்தான் மிஸ் ஓட்டை போட்டேன். அம்மா திட்டவே இல்ல!"

படித்து வாங்கிய சான்றிதழ்கள் என் அறைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகின்றன, உண்மையான சான்றிதழ் என்னவோ வாசலில் செருப்போடு செருப்பாகத்தான் கிடக்கிறது.